எழுத்துப் பிழையில் வந்த மலை

இணையதளப் பெயர்களை வாங்கி விற்பது பெயர்க்காரரின் தொழில். ஒரு பெயரை வாங்கினால் மறுநாள் அவர் வீட்டுச் சுவரில் ஒரு கதவு முளைக்கும். கதவுக்குப் பின்னால் அந்தப் பெயருக்குரிய பொருள் இருக்கும். ஒன்பது வருடத்தில் இருநூற்றுப் பதினோரு கதவுகள் சேர்ந்தன. வருடந்தோறும் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் கதவு மறைந்து, அதே நொடியில் அந்தப் பெயரை முதலில் பிடிக்கிறவர் வீட்டில் முளைத்துவிடும். வருடத்துக்கு இரண்டு விற்றாலே நல்ல வருடம். வாங்க வந்து தட்டுகிறவர்களில் பெரும்பாலோர் விலையைக் கேட்டதும் செருப்பைத் தேடுவார்கள். அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். 'வெயில்' கதவுக்குள் துணி காயப்போட்டாள்.

'மழை'யை ஆங்கில எழுத்தில் வாங்கப் போனவர் ழகரத்தைக் கோட்டைவிட்டதால் வந்தது மலை. உச்சியில் பனியோடு, முழு மலை.

"ழகரம் வராதவங்களுக்கு வாய்தான் குழறும். உங்களுக்கு வீடே குழறுது," என்றாள் அவள்.

ஆறு வருடம் கழித்துக் காலணி நிறுவனம் ஒன்றின் தரகர் மலையைக் கேட்டு வந்தார். பெயர்க்காரர் சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னார். பெயர்க்காரர் தேநீர் கொடுத்து அனுப்பினார். அந்த வருடம் ஒரு கதவும் விற்கவில்லை. மலையின் தவணை முடிவதற்குள் ஏதாவது விற்காவிட்டால் தொழிலையே விட்டுவிட வேண்டும் என்று அவள் சொல்ல, அவர் மறுக்கவில்லை. தவணை வந்த கதவுகளை ஒவ்வொன்றாகப் போகவிட்டார். வெயிலும் போயிற்று. கதவுகள் குறைவதைக் கவனித்த தரகர், மலையின் கடைசி நாளன்று முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து அதன் கதவருகே போட்டு உட்கார்ந்தார். மாலை ஐந்து மணிக்குத் தவணை முடிந்தால் மலையைச் சும்மாவே பிடித்துக்கொள்ளலாம்.

நான்கரைக்கு அவள் வேலையிலிருந்து வந்தாள். கணவர் தரகருக்கு இரண்டாவது தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. அதுக்காக மலையைக் குன்று விலைக்குக் கொடுக்க முடியுமா? அதுக்கே வெட்கமாயிடும்."

இந்த மனிதர் ஒன்பது வருடமாகச் செய்த வேலை காத்திருப்பது என்றும், அதை அவரளவு யாரும் செய்து தான் பார்த்ததில்லை என்றும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், தன் சம்பளத்தில் மலையைப் பத்து வருடத்துக்குச் சேர்த்துக் கைபேசியிலேயே புதுப்பித்தாள்.

கதவில் பத்துத் தாழ்ப்பாள்கள் வரிசையாக விழுந்தன. தரகர் ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு தேநீரை வைத்துவிட்டு நிறுவனத்தாரிடம் தொலைபேசியில் பேசினார். பெயர்க்காரர் சொன்ன விலைக்கே பேரம் முடிந்தது.

பணம் வந்து சேர்ந்த காலையில் மலை கதவைத் தாண்டி நிறுவனத்துக்குப் புறப்பட்டது. தெருவில் இருந்தவர்கள் வண்டிகளை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார்கள். தெருமுனையில் அது திரும்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது. போனதும் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.