அன்னதான உபயம்

விடியும் முன்பே கேரட் கழுவும் தொட்டியில் இறங்கியாயிற்று. புல் மேலெல்லாம் உறைபனி உப்புத் தூவின மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. ஓடையிலிருந்து குழாய் வழியே விழுகிற தண்ணீர் முழங்கால் ஏறியதும் முதலில் எரியும், அப்புறம் வலிக்கும், அதற்கும் அப்புறம் கால் இருக்கிற இடமே தெரியாது. அந்த மரத்துப்போன காலால்தான் மிதிக்க வேண்டும். மிதித்து மிதித்துப் புரட்டினால்தான் மண் கழன்று கேரட்டின் நிறம் வெளியே வரும். மன்னவனூர் மேட்டுக் கேரட் கண்ணைப் பறிக்கும் என்று ஒட்டன்சத்திரம் சந்தையில் பேர். அந்த நிறத்துக்காக யார் கால்தோல் உரிந்தது என்று சந்தையில் எவன் கேட்கப் போகிறான்?

காவ்யா தொட்டிக்குள் நின்றபடியே நொடிக்கொரு தரம் வரப்பைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே பேரிக்காய் மரத்தடியில் அவளுடைய சின்னவன் உட்கார்ந்திருந்தான். நடை பழகி மாதம் ஒன்றிரண்டுதான் ஆகிறது. கிழிந்த சேலைத் துண்டை அவன் இடுப்பில் சுற்றி மறுமுனையை மரத்தில் கட்டியிருந்தாள். காவலுக்கு அக்காக்காரி தமிழ்மதி. அவளுக்கே மூக்குத் துடைத்துவிட ஆள் வேண்டும்.

பெற்ற பிள்ளையைக் கன்றுக்குட்டி மாதிரிக் கட்டிப் போட எந்தத் தாய்க்கு ஆசை? போன மாதம் கட்டாமல் விட்டதற்கு, பூச்சிமருந்து டிரம்முக்குள் கையை விட்டு வாயில் வைத்துக்கொண்டான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு காவ்யாவும் அவள் புருஷன் கருப்பசாமியும் கொடைக்கானல் பெரியாஸ்பத்திரிக்கு ஓடிய ஓட்டம் பகையாளிக்கும் வரக் கூடாது. பிழைத்துக்கொண்டான். ஆனால் அவர்கள் குடியிருக்கும் தகரக் கொட்டகை இன்னும் அந்த டிரம்களுக்குப் பக்கத்திலேதான் இருந்தது. கொட்டகைக்குக் கதவு கூடக் கிடையாது.

அதனால்தான் காவ்யா ஊருக்குள் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். ஒற்றை அறைதான். ஆனால் சிமெண்டுக் கூரை, தாழ்ப்பாள் போட்ட கதவு, எதிர்ச்சாரியிலேயே அங்கன்வாடி. பகலெல்லாம் பிள்ளைகள் நிழலில் இருக்கும், மதியம் முட்டையோடு சோறும் கிடைக்கும். "இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அட்வான்ஸக் குடுத்துரு. இல்லாட்டி வேற ஆளுக்கு விட்டுருவேன்" என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அட்வான்ஸுக்குக் காசு இருந்தது. இரண்டு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு, முதலாளியின் குடோனில், பால்பவுடர் டப்பாவுக்குள் இருந்தது.

அது அங்கே போன கதையைச் சொல்ல வேண்டும். வடகவுஞ்சிக்குக் கீழே காட்டில் தேனெடுத்துக் கடுக்காய் பொறுக்கின சனம் அவர்கள். பிழைப்புத் தேடி மேலே வந்து கேரட்டில் விழுந்தவர்கள். பேங்குக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு. கொட்டகையில் வைத்தால் எலி கடிக்கும், இல்லையென்றால் புருஷன்மாரின் சாராயத் தாகம் கடிக்கும். அப்போதுதான் பெண்கள் கூடி ஒரு யோசனை செய்தார்கள். பழனிக்கு நேர்ந்த காசை மஞ்சள் துணியில் முடிந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் எவனும் தொட மாட்டான். பட்டினி கிடந்தாலும் தொட மாட்டான். அதையே பூட்டாக்கிக்கொண்டால் என்ன? பிள்ளைகளின் காலிப் பால்பவுடர் டப்பாவில் காசு போடத் துளை வெட்டி, மேலே மஞ்சள் துணி கட்டி, குடோனில் இருந்த முருகன் படத்துக்குக் கீழே வீட்டுக்கொரு டப்பாவாக அடுக்கினார்கள். எடுக்கும்போது பழனி உண்டியலுக்கு ஒரு ரூபாய், மிச்சம் பிள்ளைகளுக்கு. முதலாளியிடம் சொன்னதும் அவர் சம்மதித்து, அவரே பலகையும் அடித்துக் கொடுத்தார். நல்ல மனுஷன் என்று அன்றைக்கு எல்லோரும் மெச்சினார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுதால் ஆடும் சேர்ந்து அழுமாம்!

முதல் நடை கேரட்டைக் கரையில் அள்ளிக் கொட்டிவிட்டு, ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே காவ்யா குடோனுக்குப் போனாள். பலகை மொட்டையாக இருந்தது. முருகன் இருந்தார், வேல் இருந்தது, ஊதுபத்திச் சாம்பலும் இருந்தது. ஒரு டப்பாவைக் கூடக் காணோம்.

அவள் பலகைக்கு அடியில் குனிந்து துழாவினாள். வெளியே ஓடி வந்தபோது முதலாளியின் ஜீப் ஏறி வந்து நின்றது. முதலாளி ஞானவேலுக்குப் பழனி அடிவாரத்தில் பக்தர்கள் தங்குகிற லாட்ஜ், மலையில் குத்தகை நிலம். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் மஃப்ளர். ஜீப்பின் பின்னால் புது ஃப்ளெக்ஸ் போர்டு ஒன்று சுருட்டிக் கிடந்தது.

"என்ன புள்ள, தொட்டிய விட்டுட்டு இங்க என்ன சோலி?"

"மொதலாளி, எங்க டப்பாவெல்லாம் காணோம்ங்க."

"காணாம எங்க போகும்? போய்ச் சேர வேண்டிய எடத்துக்குப் போயிருச்சு. பூசத்துக்கு நடந்து வார சனத்துக்கு நம்ம பந்தல்ல சாப்பாடு. அரிசி பருப்புக்குக் குடுத்தாச்சு. ஒங்களுக்கும் புண்ணியந்தான்."

காவ்யா ஜீப்பின் முன்னால் போய் நின்றுகொண்டு கேட்டாள்: "அது எம்புள்ளைகளுக்குச் சேத்ததுங்க. ஒங்ககிட்டச் சொல்லித்தானே வச்சோம்?"

"மஞ்சத்துணி கட்டுனது யாரு, நானா? முருகன் காலடியில கொண்டாந்து வச்சது யாரு, நானா? சாமிக்கு முடிஞ்ச காசத் திருப்பிக் கேக்குறியே, நீயெல்லாம் ஒரு புள்ளகுட்டிக்காரியா?"

பாவி! அவள் கையால் கட்டிய துணியை எடுத்தே அவள் கழுத்தை இறுக்கினான். திருடன் கூட இருட்டில் வந்து, மாட்டிக்கொண்டால் தலையைக் குனிவான். இவன் பட்டப்பகலில் எடுத்துவிட்டுப் பறிகொடுத்தவளைப் பாவம் செய்தவளாக்கினான்.

சத்தம் கேட்டுத் தொட்டியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த கருப்பசாமியும் வந்தான். விஷயம் தெரிந்ததும் ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். மற்றவர்கள் முருகன் படத்தையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முதலாளியை விடப் படம்தான் அவர்களை அதிகம் பயமுறுத்தியது. அது ஞானவேலுக்கு நன்றாகத் தெரியும்.

"விடு புள்ள" என்று கருப்பசாமி பெண்டாட்டியின் முழங்கையைப் பிடித்தான். "கொட்டகையும் அவருது, சோலியும் அவருது. வெளிய போன்னுட்டா ரெண்டு புள்ளைகளையும் தூக்கிக்கிட்டு எங்க போவ?"

"இப்ப மட்டும் உள்ளயா இருக்கோம்?" என்று அவள் கையை உதறினாள். "மருந்து டிரம்முக்குப் பக்கத்துல கெடக்கோம். இவரு ஒரு நாள் வேற எடம் தருவாரு, தருவாருன்னுதான் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தோம். கூலியில புடிச்சப்பவும் பேசல, ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்குச் சம்பளம் இல்லைன்னப்பவும் பேசல. நம்ம காசு அவரு கையில இருக்குங்கிற பயம். இப்பக் காசும் போச்சு. இனி எதுக்குய்யா பயப்படணும்?"

அவள் நேரே ஜீப்புக்குப் போய் ஃப்ளெக்ஸை இழுத்து விரித்தாள். அதில் ஞானவேல் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம் விசாலாட்சி பட்டுச் சேலையில்.

"பழனியம்மாக்கா, இங்க வா. ஒனக்குப் படிக்கத் தெரியாதுல்ல, நான் படிக்கிறேன் கேளு. 'அன்னதான உபயம், ஞானவேல் குடும்பத்தார்.' நம்ம ஒருத்தர் பேரும் இல்ல. சரி, முருகனாச்சும் பெருசா இருக்காரான்னு பாத்தா, அவரையும் ஒரு மூலையில நிப்பாட்டியிருக்காங்க." அவள் முதலாளியின் பக்கம் திரும்பினாள். "கடைத் தேங்காய எடுத்து வழிப்புள்ளையாருக்கு ஒடச்சானாம் ஒருத்தன். அவனாச்சும் தேங்காயத்தான் எடுத்தான்யா."

"ஏய், நாக்க அடக்கு! பழனியம்மா, நீ பெரியவ, பூசத்துக்குப் பூசம் விரதம் இருக்கிறவ. இவளுக்குப் புத்தி சொல்லு. தெய்வக் குத்தம் ஆயிரப் போகுது."

எல்லோரும் பழனியம்மாளைப் பார்த்தார்கள். பழனிக் கோபுரம் இருக்கிற திக்கில் கும்பிடாமல் கஞ்சி குடிக்காதவள் அவள். இந்த மாதிரிச் சமயத்தில் 'சாமி கண்ணைக் குத்திரும், சும்மா இருங்கடி' என்று சொல்லுகிற ஆள். அந்த ஒருத்தி இல்லையென்று தலையாட்டினால் மற்றவர்கள் தொட்டிக்குப் போய்விடுவார்கள்.

பழனியம்மாள் இடுப்பில் செருகியிருந்த சின்ன மஞ்சள் முடிச்சை எடுத்து முதலாளியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பழனிக்கு நான் நேந்த காசு இதுங்க. எங்கிட்டயேதான் கெடக்கு. சாமி காசு எது, எங்காசு எதுன்னு எனக்குத் தெரியாதாங்க? டப்பாவுல போட்டது எங் கடைக்குட்டிக்கு. அதுக்குக் கண்ணு மங்கலு, எழுத்து தெரியல, கண்ணாடி வாங்கணும்னு டீச்சர் சொல்லிவிட்டாங்க. அந்தக் காச எடுத்து நீங்க ஊருக்குச் சோறு போடுறீங்க. சாமி கண்ணக் குத்துறதா இருந்தா யாரு கண்ணக் குத்தும்? நீங்களே சொல்லுங்க மொதலாளி."

பதிலுக்கு ஞானவேல் கெட்ட வார்த்தை ஒன்றைத்தான் சொன்னார். லாரிக்கார டிரைவர் காது கேட்காதவன் மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

காவ்யா தொட்டிக் கரைக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் பழனியம்மாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக. கருப்பசாமி தோளிலிருந்த சாக்கைத் தரையில் போட்டுவிட்டு, பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டவனாகக் கடைசியில் போய் உட்கார்ந்தான். மூட்டை தூக்கும் வேலுச்சாமி மட்டும், "எனக்குக் கடன் கெடக்குப்பா" என்று தொட்டிக்குள் ஒரு காலை வைத்தான். கரையில் உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தவன், காலை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

நேற்றே பிடுங்கிப் போட்ட கேரட் மலையாகக் குவிந்து கிடந்தது. மண்ணோடு இருக்கிற கேரட்டை மண்டிக்காரன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். வெயில் ஏறினால் வாடி வளைந்துபோகும். மத்தியானத்துக்குள் கழுவி லாரி ஏற்றாவிட்டால் மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

"காச வச்சுட்டுக் கேரட்டத் தொடச் சொல்லுங்க" என்றாள் காவ்யா. "அட்வான்ஸ் நான் இன்னிக்கே குடுத்தாகணும்."

"கொட்டகையக் காலி பண்ணுங்கடி! ஒங்கள விட்டா மலையில ஆளா இல்ல? பக்கத்துல போளூர்லருந்து ஒரு ஜீப்பு ஆளக் கொண்டாந்து எறக்குறேன் பாரு." ஞானவேல் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு கத்தினார். "ஏலே, பொம்பளைகள ஏத்திக்கிட்டு வெரசா வா. கூலி எம்புட்டுக் கேட்டாலும் தாரேன்னு சொல்லு."

அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அது தொட்டித் தண்ணீரை விடக் கொடுமை. சின்னவன் பாலுக்கு அழுதான். காவ்யா அவனை அவிழ்த்துத் தூக்கி வந்து மடியில் போட்டுக்கொண்டாள். தமிழ்மதி அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டது. போளூர்க்காரிகள் இறங்கிக் கழுவிவிட்டால் எல்லாம் முடிந்தது. வீடும் இல்லை, வேலையும் இல்லை, பிள்ளைகளோடு நடுரோடு. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது.

ஜீப் வந்தது. போளூர்ப் பெண்கள் தூக்குவாளிகளோடு திபுதிபுவென்று இறங்கினார்கள். முன்னால் வந்தவளைப் பழனியம்மாளுக்குத் தெரியும், கந்தம்மாள், போன வருஷம் உருளைக்கிழங்கு வெட்டில் ஒன்றாகக் கிடந்தவர்கள்.

"வாங்க, வாங்க, எறங்குங்க தொட்டியில! இதுகளக் கண்டுக்காதீங்க" என்றார் ஞானவேல்.

கந்தம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டே வந்தவள், கரையில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து நின்றாள். "என்னம்மா, பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு ஈரத்துல உக்காந்திருக்க? என்ன ஆச்சு?"

காவ்யா சொன்னாள். டப்பாவை, துணியை, பந்தலை, பொழுது சாய்வதற்குள் கொடுக்க வேண்டிய அட்வான்ஸை.

கேட்டுக்கொண்டு நின்ற கந்தம்மாளின் முகம் மாறியது. அவள் காவ்யாவைப் பார்க்கவில்லை. தன்னோடு வந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"அடியே" என்றாள் கந்தம்மாள் மெதுவாக. "நம்ம காசு முடிப்பும் அங்க போளூர்த் தோட்டத்து ஆபீஸ்லதானடி கெடக்கு. நாமளும் மஞ்சத்துணிதானடி கட்டிக் குடுத்திருக்கோம்."

ஞானவேல் என்னவோ கத்தினார். கூலியை ஏற்றிச் சொன்னார், போலீஸ் என்றார், முருகன் என்றார். லாரிக்கார டிரைவர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு இஞ்சினை அணைத்தான். வெயில் கேரட் குவியலின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

கந்தம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருத்தா" என்றாள்.

காவ்யா பிள்ளையை இடது பக்கம் மாற்றிக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டாள்.