தலைகீழ் லூக்கா

என் மாமியாருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் புகாண்டா ராஜ்யத்தில் இது அதிசயம் இல்லை. மாமியாரும் மருமகனும் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் கைகால் நடுக்கம் பிடிக்கும், சாகும்வரை விடாது என்பார்கள். ஞானஸ்நானம் வாங்கி எரிசா ஆன பிறகு நான் இதையெல்லாம் நம்புவதில்லை. என் முழங்கால்கள் மட்டும் இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை.

அப்போது நான் குன்றின்மேல் இருந்த நாணல் சுவர்க் கோயிலில் வாத்தியார். கையில் ஒரே ஒரு லூக்கா சுவிசேஷம். மனசில் ஒரே ஒரு நமுசோகே. அவளுடைய அப்பா கசோஜி பழைய தெய்வங்களை விடாதவர். பரிசமாக ஓர் ஆட்டை ஓட்டிக்கொண்டு பெண் கேட்டுப் போனபோது வாழைக்கள்ளை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"பொண்ணு தர்றேன். ஆனா என் பொண்டாட்டி எதிர்ல நீ ஒரு தடவ நின்னாலும் போதும், கொண்டுவந்த ஆட்ட ஓட்டிக்கிட்டுத் திரும்பிப் போயிரு."

நமுசோகே வேறு மாதிரி சொன்னாள். "எங்கம்மாவும் ஞானஸ்நானம் வாங்கணும்னு ஆசைப்படறாங்க. அவங்க உள்ள வந்து உக்காராத கோயில்ல எனக்குக் கல்யாணம் வேண்டாம்."

ஞானஸ்நானம் வேண்டுமென்றால் பாதிரியார் முன்னால் சுவிசேஷம் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கச் சொல்லித்தர அரை நாள் நடை தூரத்துக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை.

அதனால் அவர்கள் வீட்டு முற்றத்தில் மரவுரியைத் திரையாகக் கட்டினோம். திரைக்கு அடியில் பாயில் புத்தகம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மாமியார். திரைக்குக் கீழே அவருடைய ஒரு விரல் மட்டும் வந்து எழுத்தைத் தொடும். விரலைப் பார்ப்பது பாவமா என்று யாரிடமும் கேட்கவில்லை. ஏதாவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

ஏழு மாதத்தில் அவர் தண்ணீர் மாதிரி வாசித்தார். பாடம் சொல்லும் என் திறமையை நினைத்து நானே பூரித்துப்போனேன்.

பாதிரியார் வந்தார். கோயிலுக்குள் மாமியாரும் மகளும். சுவருக்கு வெளியே நான். கசோஜி மாமா எதிர் மரத்தடியில், எனக்குக் காவல்.

உள்ளே புத்தகம் புரளும் சத்தம். பிறகு பாதிரியாரின் குரல்: "அம்மா, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்களே!"

"ஐயாதான் தலைகீழா குடுத்தீங்க. நான் சரியா திருப்பிக்கிட்டேன்" என்றார் மாமியார். தடங்கல் இல்லாமல் வாசிக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழு மாதமும் புத்தகம் என்னைப் பார்த்தே கிடந்தது. எதிரில் உட்கார்ந்தவருக்கு அது எப்படித் தெரியும் என்று யோசிக்க, இந்த வாத்தியாரின் தலையில் நமுசோகே போக மிச்ச இடம் இருக்கவில்லை.

"இது வாசிப்பு அல்ல!" என்றார் பாதிரியார். "சுவருக்குப் பின்னாலிருந்து எரிசா சொல்லிக்கொடுக்கிறான். எரிசா, உள்ளே வா! இந்த அம்மாவின் எதிரில் நில். உன் வாய் அசைகிறதா என்று நான் பார்க்க வேண்டும்."

போனால் நமுசோகே இல்லை. போகாவிட்டால் மாமியார் பொய்க்காரி. அடுத்த தேர்வு அடுத்த வருஷம்தான். மாமியார் மறுபடி வருவாரா என்பதே சந்தேகம். அப்போஸ்தலரைப் போல உறுதியாக ஒரு காலை எடுத்துவைத்தேன். எந்தத் திசையில் என்று கேட்காதீர்கள்.

அதற்குள் ஓர் இரும்புப்பிடி என் மணிக்கட்டில் விழுந்தது. கசோஜி மாமா.

"என் பொண்டாட்டி பொய் சொல்றாங்கறானா அந்த வெள்ளக்காரன்?" என்று பல்லைக் கடித்தார். பிறகு சுவரைப் பார்த்துக் கத்தினார்: "யோவ் பாதிரி! இவன நான் சதுப்புக்கு அந்தாண்ட இழுத்துட்டுப் போறேன். இப்ப கேளு அவள! என்ன வேணா கேளு!"

சரிவில் என்னை ஆட்டைப்போல ஓட்டிக்கொண்டு போனார். கோரைப் புல் ஓரமாக உட்கார்ந்தோம். என் கால்கள் ஆடின.

"என்னடா, நடுக்கம் பிடிச்சிருச்சா? அவளப் பாத்துத் தொலைச்சியா?"

"இல்ல மாமா. இது சும்மா பயம்."

மாமா குன்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "நெசமாவே படிப்பாளாடா?"

"என்னவிட நல்லா."

"தலைகீழாவா?"

"அது என் தப்பு மாமா."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "முப்பது வருஷமா எது குடுத்தாலும் அவளுக்குத் திருப்பிப் பாக்கணும்" என்றார். அந்தக் குரலில் இருந்தது பெருமைதான்.

நமுசோகே மூச்சிரைக்க ஓடிவந்தாள். "பாதிரியார் அவர் கையாலேயே காகிதத்துல எழுதிக் குடுத்தாரு. அம்மா அதயும் திருப்பிப் பிடிச்சு வாசிச்சாங்க. 'எனக்குப் பசிக்கிறது'ன்னு இருந்துச்சாம். 'அப்ப நம்ம வீட்டுல சாப்பிடுங்க'ன்னுட்டாங்க! ஞாயித்துக்கிழம அம்மாவுக்கு ஞானஸ்நானம்!"

கசோஜி மாமா எழுந்தார். இடுப்புக் கத்தியை எடுத்ததும் நான் நமுசோகேக்குப் பின்னால் நகர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குன்றேறிப்போய் கோயிலின் பின்சுவரில் ஓங்கி ஒரு வெட்டுப் போட்டார். நாணல் சிதறியது.

"என்ன செய்கிறீர்கள்?" என்று அலறினார் பாதிரியார்.

"வாசல் வைக்கிறேன். கல்யாணத்தன்னிக்கி அவ இந்த வழியா வந்து அந்தத் தூணுக்குப் பின்னால உக்காருவா. இந்தப் பய முன்வாசல்ல வரட்டும். நேராப் பாத்துக்கிட்டு நிக்கட்டும். தலைய திருப்பினான்னா, ஆடு திரும்பாது, இவன் கழுத்துதான் திரும்பும்."

பாதிரியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தூணைப் பார்த்தார். பிறகு அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சாயப்போன நாணல் கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் அகலமாகவே வெட்டுங்கள்" என்றார்.