சீலிங்கிலிருந்து வந்த குரல்

ஹால் சீலிங்கில் இருந்த அந்த வட்ட விளக்கைக் கழற்றித் தரச் சொல்லித் தனப்பிரியா கேட்டதும், எலெக்ட்ரீஷியன் மணியன் தலையைச் சொறிந்தான். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்றான். திருச்செங்கோட்டுப் பக்கம், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு ஆம்பளைகள் போய்விட்ட வீடுகளில் இதுதான் வழக்கம். வீட்டுக்காரன் சத்தீஸ்கரில் போர் போட்டுப் புழுதி தின்றுகொண்டிருப்பான். இங்கே சுவரில் ஆணி அடிக்கக்கூட அவனிடம் போனில் உத்தரவு வாங்க வேண்டும். அதே வீட்டில் பெருக்கித் துடைத்துக் குடியிருப்பவளின் சொல் மட்டும் செல்லாது.

அது வெறும் விளக்காக இருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். அதன் நடுவில் கேமராவும் ஸ்பீக்கரும் இருந்தன. பொங்கலுக்கு வந்த கணவன் தீனதயாளன், திருட்டுப் பயம் என்று சொல்லி மணியனை வைத்து அதை மாட்டிவிட்டுப் போனான். திருடன் ஒருவனும் வரவில்லை. பால்காரரிடம் அப்படி என்ன பேச்சு, மத்தியானம் எதற்குப் படுத்துக் கிடந்தாய் என்று சீலிங்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பெற்ற தாய் பாவாயியையும் அவன் விடவில்லை. சர்க்கரை போட்டுக் காப்பி குடித்ததற்கு அவளுக்கும் மேலேயிருந்து திட்டு விழுந்தது. அணைத்துத் தொலைக்கலாம் என்றால் அதற்குச் சுவிட்சே வைக்கவில்லை. மாராப்பைச் சரிசெய்யக்கூட அடுக்களைக்கு ஓட வேண்டியிருந்தது. முதலில் தனப்பிரியாவுக்கு அவமானமாக இருந்தது. இப்போது கோபம் மட்டும்தான் மிச்சம்.

மணியன் கைவிரித்ததும் நேரே கடைவீதிக்குப் போனாள். சபீஹாவின் எலெக்ட்ரிக் கடையில் டெஸ்டர், கனெக்டர், டேப், துளையை மூட ஒரு வட்டத் தகடு வாங்கினாள். மெயினை இறக்கியாயிற்று என்று நம்பிக் கையை வைத்துவிடாதே, கரண்ட் இருக்கிற இடத்தில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு ஒயரிலும் வைத்துப் பார் என்று சபீஹா படித்துப் படித்துச் சொன்னாள். கோபத்தில் இருந்த தனப்பிரியா தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் காலை மெயினை இறக்கினாள். ஃப்ரிட்ஜ் முனகலை நிறுத்தியது. மாமியார் குறுக்கே வந்து நிற்பாள் என்று பதிலெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தாள். பாவாயியோ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து ஏணியைப் பிடித்தாள்.

"ஏறு சாமி. நிம்மதியா ஒரு டம்ளர் காப்பி குடிக்கோணும் நானு."

தனப்பிரியா ஏறினாள். விளக்கைத் திருகி இறக்கினாள். அது ஒயரில் தொங்கியது. சிவப்பு ஒயரைப் பிடிக்கக் கையை நீட்டினாள். டெஸ்டர் கவர்கூடப் பிரிக்காமல் மேசைமேல் கிடந்தது.

"தனம், ஏணி மேல என்ன பண்ணற? எறங்கு கீழ."

நீட்டிய கை அப்படியே நின்றது. அவனுக்கு அவள் பயப்படவில்லை. மெயினை இறக்கியாயிற்று, ஃப்ரிட்ஜும் நின்றாயிற்று, இவன் எப்படிப் பேசுகிறான்? மாடிப்படிக்கு அடியில் பார்த்தாள். இன்வெர்ட்டரின் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. வீட்டு லைட்டும் வைஃபையும் ஹால் பிளக்கும் அதில்தான் ஓடுகின்றன. இன்னும் கொஞ்சம் கை நீண்டிருந்தால் கரண்ட் இழுத்திருக்கும். அடக்க வந்த குரல் உயிரைக் காப்பாற்றிவிட்டது. அதற்காக அதைத் தலைக்கு மேல் வைத்துக் குடித்தனம் பண்ண முடியுமா?

இறங்கி வந்தாள். சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று சீலிங்குக்கு ஒரே குஷி. அறிவுரை சொல்லத் தொடங்கியது. அவள் பாட்டுக்கு டெஸ்டரைப் பிரித்து ஹால் பிளக்கில் வைத்துப் பார்த்தாள். எரிந்தது. இன்வெர்ட்டரை அணைத்தாள். அறிவுரை பாதியில் அறுந்தது.

மறுபடி ஏறி ஒவ்வொரு ஒயரிலும் டெஸ்டரை வைத்தாள். ஒன்றிலும் எரியவில்லை. சிவப்பில் இரண்டு, கறுப்பில் இரண்டு என்று நாலு ஒயர் இருந்தன. அடுக்களைக்குப் போகிற லைனை நடுவில் வெட்டி மணியன் இதைச் செருகியிருந்தான். வெறுமனே பிடுங்கினால் அடுக்களை இருட்டாகிவிடும். விளக்கைக் கழற்றிக் கீழே கொடுத்துவிட்டு, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் கனெக்டரில் முடுக்கி, இழுத்துப் பார்த்து, டேப் சுற்றினாள். துளையைத் தகட்டால் மூடினாள். மெயினையும் இன்வெர்ட்டரையும் போட்டபோது அடுக்களை லைட் பளிச்சென்று எரிந்தது. பாவாயி சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டு போனாள்.

போன் அடித்தது. ஒன்றுமே தெரியவில்லையே என்று கத்தினான் தீனதயாளன். நாளைக்கே மணியனை அனுப்பித் திரும்ப மாட்டச் சொல்கிறேன் என்றான்.

"மாட்டச் சொல்லுங்க. மறுக்காக் கழட்டுவேன். இப்ப எனக்குக் கழட்டத் தெரியுமுங்க." ஹாலின் நடுவில், கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். "எங்களைப் பாக்கோணும்னு இருந்தா, ஊட்டுக்கு வந்து பாருங்க."