கர்த்தருக்கு விட்ட தென்னை

உபதேசியார் சீவரத்தினம் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் வாவிக்கரைச் சபைக்கு வந்தபோது ஒரு தகரப்பெட்டியும் ஒரு பிரசங்கமும் கொண்டுவந்தார். பெட்டி சின்னது. பிரசங்கம் மூன்று ஞாயிறுக்கு நீண்டது. நாம் யாருமே எதற்கும் சொந்தக்காரர் இல்லை, வெறும் உக்கிராணக்காரர். பணமும் நேரமும் திறமையும் ஆண்டவருடையவை, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி நம்மிடம் தந்திருக்கிறார் என்பது அதன் சாரம். பணத்தைப் பற்றிப் பேசிய ஞாயிறன்று சபையில் கிளம்பிய இருமல், வாவிக்கு அக்கரையில் நின்ற கொக்குகளையெல்லாம் எழுப்பிப் பறக்கவிட்டது.

இருமல் உண்டியலில் விழாது என்பதை உபதேசியார் அறிந்துகொண்டார். மூன்றாம் ஞாயிறு நேரே விஷயத்துக்கு வந்தார். வீட்டுக்கு ஒரு பொருளைக் கர்த்தருக்கென்று விட வேண்டும். கோழியோ, மாடோ, மரமோ, வட்டையில் ஒரு மூலை வயலோ, எதுவானாலும் சரி. அதன் பலன் சபைக்கு.

முதலில் எழுந்தவர் எலியேசர் கந்தப்போடி. றோட்டு ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலையாட்களை அதட்டிய அதட்டலில் பதுளை றோட்டுக் கல்லெல்லாம் தானாகவே வரிசையில் போய்ப் படுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள்.

"ஒரு தென்னை, ஐயா! என்ட வளவில முப்பது நிக்கிது. ஒண்டு கர்த்தருக்கு!"

சபை அசந்துபோனது. அவர் விட்ட மரத்தைப் பார்த்த பிறகு அசந்தவர்கள் சிரித்தார்கள். குசினிக்குப் பின்னால் முளைத்து, கூரைக்கு மேலே சாய்ந்து நின்ற மரம் அது. நட்ட நாள் முதல் ஓலையைத் தவிர வேறொன்றும் தந்ததில்லை. அணில்கள் ஏறிப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு இறங்கிப் போகும். கந்தப்போடியின் மனைவி இலட்சுமிப்பிள்ளை, குசினி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர், மரத்தைப் பார்த்தார், மனுஷனைப் பார்த்தார், மீனைத் திரும்பவும் கழுவத் தொடங்கினார்.

உபதேசியார் மட்டும் சிரிக்கவில்லை. மரத்தில் வெள்ளைத் துணி கட்டினார். கண்ணீரோடு ஜெபம் பண்ணினார். ஜெபத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மண்ணைக் கெஞ்சிக் கெஞ்சிப் பயிர் செய்கிற குடும்பத்தில் பிறந்த மனுஷன் அவர். கிழமை தவறாமல் வந்து அடியைக் கொத்தி, உப்பும் சாம்பலும் போட்டு, தோணிக்காரர்கள் வீசுகிற மீன்கழிவை வாளி வாளியாகக் கொண்டுவந்து புதைத்தார்.

"கர்த்தருடைய மரத்தைப் பட்டினி போடலாமோ?" என்று கேட்பார்.

மரம் காய்த்தது. சும்மா காய்க்கவில்லை, பழைய பாக்கியெல்லாம் சேர்த்துக் காய்த்தது. ஒவ்வொரு குலையும் கர்ப்பிணிப் பசுவைப்போலத் தொங்கியது. பக்கத்தில் நின்ற மரங்கள் அவமானத்தில் குரும்பையை உதிர்த்தன. சபைத் தேங்காயை வாங்க வந்த காத்தான்குடி வியாபாரி கச்சி முகம்மது, ஊருக்கெல்லாம் 'காக்கா' என்கிற அண்ணன், ஒரு காயை மடியில் வைத்துப் பிள்ளையைத் தடவுவதுபோலத் தடவினார்.

"மாஷா அல்லாஹ்! போடியார், உங்கட மத்த மரமெல்லாம் ஏன் இப்பிடி நோஞ்சானா நிக்கிது? அதுகளையும் குடுத்துப் பாருங்களன்!"

"காக்கா, தேங்காய் வாங்க வந்தா தேங்காயை வாங்கிட்டுப் போங்க!" என்று சீறினார் கந்தப்போடி.

வயிற்றெரிச்சல் ஒருபக்கம் என்றால், கூரை மறுபக்கம். கச்சி முகம்மதுவுக்கு நன்றாக முற்றிக் காய்ந்த காய்தான் வேண்டும். அதற்குத்தான் நல்ல விலை தருவார். ஆண்டவருடைய பொருளை மலிவாக விற்க உபதேசியாருக்கு மனம் வராது. ஆகவே காய்கள் மரத்திலேயே முற்றின. முற்றியவை ஆள் ஏறும்வரை காத்திருக்கவில்லை. ஒவ்வொன்றாகக் குசினி ஓட்டில் விழுந்தன. விழுகிற சத்தத்தில் கரடியனாற்றுக் காட்டு யானைகள் காதைப் பொத்திக்கொண்டன. கந்தப்போடி உடைந்த ஓட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உபதேசியார் குடியிருந்த மிஷன் வீட்டுக்கு ஓடுவார்.

"ஐயா, உங்கட தேங்காய் என்ட ஓட்டை உடைச்சுப்போட்டுது!"

"என்ட தேங்காய் இல்லை, ஆண்டவருடையது."

"அப்ப ஆண்டவரட்டச் சொல்லி ஓடு வாங்கித் தாங்க!"

"என்ன கதை கதைக்கிறியள்! மரத்தைத் தந்தது நீங்கள்தானே?"

அந்த நேரம் பார்த்துத்தான் மகள் அன்னப்பூரணியின் கலியாணப் பேச்சு முற்றி வந்தது. மாப்பிள்ளை யோகராசா அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். நல்ல பிள்ளை. இரண்டு குடும்பமும் ஒருவருக்கொருவர் பிடித்துப்போய், நாள் குறிப்பது மட்டுமே பாக்கி. மாப்பிள்ளையின் தாய் நேசம்மா வீட்டைப் பார்க்கத் தோணியேறி வந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனம்; மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பான். மகனுடைய தலை எந்தக் கூரையின் கீழ் கிடக்கப்போகிறது என்று தாய் பார்ப்பது நியாயந்தானே?

அறையைப் பார்த்தார், திருப்தி. கிணற்றைப் பார்த்தார், திருப்தி. குசினிக்குள் காலை வைத்தார். மேலே ஒரு சத்தம். ஓட்டைப் பிளந்துகொண்டு வந்த தேங்காய் நேரே பாயசப் பானைக்குள் இறங்கியது. பாயசம் எழும்பி நேசம்மாவின் புதுச்சேலை, அன்னப்பூரணியின் தலை, சுவரில் தொங்கிய வேதவசனப் படம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அபிஷேகம் செய்தது.

நேசம்மா ஒரு சவ்வரிசியை மூக்கிலிருந்து எடுத்து எறிந்தார்.

"மச்சாள், எனக்கு இருக்கிறது ஒரே மகன். இந்தக் கண்டறியாத மரத்தை வெட்டுங்க. வெட்டினாப் பிறகு நாள் குறிப்பம். இல்லாட்டி அவனுக்கு வேற இடம் பாக்கிறன்."

அவர் தோணியேறிப் போனதும் அன்னப்பூரணி தலையில் வழிந்த பாயசத்தைத் துடைக்காமலே தகப்பன் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அவர் இல்லாட்டி எனக்கு வேற கலியாணம் வேணாம். நான் இப்பிடியே இருந்திடுவன். மரத்தையும் என்னையும் நீங்களே வைச்சுப் பாருங்க."

கந்தப்போடி கோடரியைத் தூக்கினார். வெள்ளைத் துணி கண்ணில் பட்டது. கோடரியைக் கீழே வைத்தார். தூக்கினார், வைத்தார். அந்தப் பின்னேரம் முழுக்க அவர் கோடரியோடு செய்த தேகாப்பியாசத்தில் இரண்டு ஏக்கர் காடு வெட்டியிருக்கலாம். கடைசியில் சபைக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னார்.

கூட்டத்தில் அவர் நைசாக ஒரு திட்டம் வைத்தார். "இந்த மரத்தை எடுத்துக்கொண்டு வேற ஒண்டு தாறன். வேலியோரம் நிக்கிற மரம். நல்ல உயரம்."

"அது காய்க்குமோ?" என்று உபதேசியார் கேட்டார்.

"உயரம் ஐயா, நல்ல உயரம்!"

உபதேசியார் நெற்றியைத் தேய்த்தார். கோபம் வந்தால் அவர் நெற்றியைத் தேய்ப்பார். அன்று தேய்த்த தேய்ப்பில் தீப்பற்றாதது அதிசயம். "கந்தப்போடியார், வேதத்தில இதுக்கு ஒரு நியாயம் கிடக்கு. கர்த்தருக்கெண்டு விட்டதை மாத்தக்கூடாது. மாத்தினால் பழசும் புதுசும் ரெண்டும் கர்த்தருக்குத்தான். வேலியோரத்தையும் எழுதட்டோ?"

"இதென்ன அநியாயம்! இப்பிடியே போனா முப்பது மரமும் பறிபோயிடும்!"

"நான் கேட்டனோ? நீங்கள்தானே முதல் ஆளா எழும்பினது!"

"உங்கட மீன்குடலும் உப்பும் இல்லாட்டி அது காய்ச்சிருக்குமா? எல்லாக் கரைச்சலும் உங்களால வந்தது!"

"காய்க்காத மரத்தை ஆண்டவருக்குக் குடுத்துப்போட்டு, காய்ச்சது குற்றம் எண்டு சொல்ற மனுஷனை நான் இண்டைக்குத்தான் காணுறன்!"

வெட்டலாம் என்று பாதிப்பேர் கத்தினார்கள். வெட்டக்கூடாது என்று மீதிப்பேர் கத்தினார்கள். சத்தம் களுதாவளைவரை போயிருக்கும். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து இலட்சுமிப்பிள்ளை எழுந்தார். சபைக்குள் அவர் வாய் திறந்து பாட்டைத் தவிர வேறெதையும் யாரும் கேட்டதில்லை.

"ஐயா, ஒண்டு கேக்கன். ஒருத்தர் தன்ட சாமானைத்தானே கர்த்தருக்குக் குடுக்கலாம்?"

"ஓம் அம்மா. அதுக்கென்ன?"

"அந்த வளவு என்ட அம்மா எனக்குத் தந்த சீதனம். நாளைக்கு நான் என்ட மகளுக்குக் குடுக்கப்போறன். இவர் அந்த வளவுக்க வரக்குள்ள ஒரு குடையும் ஒரு சோடிச் செருப்பும்தான் கொண்டுவந்தவர். குடையும் இப்ப இல்ல. என்ட மரத்தைக் குடுக்க இவர் ஆரு?"

ஊரில் ஒருவருக்கும் தெரியாத விஷயமில்லை இது. அந்தச் சபையில் இருந்த ஆண்கள் எல்லாருமே மனைவி வளவில் குடியிருப்பவர்கள்தான். எல்லாருமே 'என்ட வளவு, என்ட மரம்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிப் பழகியவர்கள்தான். வேறு மரங்களை விட்டவர்கள் மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவரவர் மனைவிமார் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்த பார்வையில் மெழுகுதிரி வளைந்தது.

உபதேசியார் எழுதக் கையில் எடுத்த பேனையைக் கீழே வைத்தார். மூன்று ஞாயிறு தொண்டை கிழியப் பேசியதை இந்த அம்மா மீன் கழுவுகிற கையோடு முடித்துவிட்டார்.

"அப்ப அந்த மரம்..." என்றார்.

"நான் விடல்ல. அதால வெட்டலாம். இதுவரைக்கும் காய்ச்ச காய் சபையோட போகட்டும். மினக்கெட்டுப் பாத்தது நீங்கதானே. நான் என்ட கையால ஒண்டு தாறன். கிணத்தடியில நிக்கிற செவ்விளநி. நல்லாக் காய்க்கிற மரம்."

கந்தப்போடி துள்ளி எழுந்தார். "ஐயோ, அது நான் நாளாந்தம் குடிக்கிற இளநியல்லவா?"

"நீங்க குடிக்கிற எண்டு எனக்குத் தெரியாதா? இருங்க!"

இருந்தார்.

உபதேசியார் தொண்டையைச் செருமினார். "அப்ப கந்தப்போடியார், உங்களுடையது எண்டு சொல்லிக் குடுக்க உங்களிட்ட என்ன இருக்கு?"

கந்தப்போடி யோசித்தார். முகட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார். இலட்சுமிப்பிள்ளைதான் பதில் சொன்னார்.

"அவரட்ட நேரம் நிறையக் கிடக்கு, ஐயா. அது முழுக்க அவருடையதுதான். பத்தில ஒரு பங்கு வேணாம், எல்லாத்தையும் எடுத்தாலும் எனக்குச் சந்தோஷம்."

சிரிப்பில் சபைக் கட்டடம் இரண்டு அங்குலம் நகர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் மரத்துக்குக் கயிறு கட்டி, ஊரே சேர்ந்து வாவிப்பக்கமாக இழுத்து வீழ்த்தியது. நேசம்மாவுக்குச் செய்தி போனது, நாளும் குறித்தாயிற்று. ஆனால் குசினிக் கூரை கிடந்த கிடைக்கு அதன் கீழே கலியாணச் சோறு சமைக்க முடியாது. உபதேசியார் காலையிலேயே வந்தார்.

"கந்தப்போடியார், சபை பராமரிச்ச மரம் உடைச்ச ஓடு. சபைதான் திருத்த வேணும். ஓட்டுக்குக் காசு தேங்காய்ப் பணத்தில வரும். வேலைக்கு ஆள் நீங்கள். உங்கட நேரம் இப்ப ஆண்டவருடையதெல்லோ?"

வாழ்நாள் முழுக்கக் கீழே நின்று மற்றவர்களை ஏவிய மனுஷன், ஏணி வைத்துக் கூரைக்கு மேலே ஏறினார். கீழே இலட்சுமிப்பிள்ளை நின்றார்.

"அந்த ஓடு கோணல்."

"கோணல் இல்ல!"

"கோணல். கழட்டிப் போடுங்க. அவசரமா? ஆண்டவர்ர நேரம்தானே போகுது."

கலியாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டார் தோணிகளில் வந்து இறங்கியபோது அவர்கள் முதலில் கண்டது பந்தலும் இல்லை, பெண்ணும் இல்லை. பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூரை முகட்டில் குந்தியிருந்து கடைசி ஓட்டைப் பொருத்திக்கொண்டிருந்த சம்பந்தியைத்தான். நேசம்மா கரையிலேயே நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து, அண்ணாந்து பார்த்தார். மேலே வெறும் வானம்.

"அண்ணன், கூரை ஒழுகாதுதானே?" என்று கூவினார்.

"ஒழுகினா என்னைக் கேளுங்க!" என்று மேலேயிருந்து குரல் இடித்தது. "இது மட்டும் என்ட வேலை!"