ஆட்சேபணை எழுதும் மேசை

"எனக்கும் ஜான்சிக்கும் கல்யாணச் சான்றிதழ் வேணும்" என்றேன்.

இதை மட்டும் எங்கேயும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். விடுதிக் காப்பாளர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்கூடச் சொன்னாள். நான் அவளிடம் எதையும் கேட்டிருக்கவில்லை.

பதிவு அலுவலக எழுத்தர் நிமிரவில்லை. "அந்தம்மா எங்க?"

"வெளிய. கதவு விடல."

பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்யக் கூடாதென்று தடைச் சட்டம் வந்த அன்று அந்தக் கதவு சுருங்கிவிட்டது. ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்தால் விரியும். இரண்டு பெண்கள் வந்தால் ஒருத்திக்கு மட்டும் இடம் விடும். நான் படித்தவள் என்று ஜான்சி என்னை உள்ளே தள்ளிவிட்டாள். எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி நான். அதற்கும் ஒரு சான்றிதழ் பையில் இருந்தது.

"தடை இருக்கு" என்றார் எழுத்தர். "ஆனா நோட்டீஸ் ஒட்டுவோம். முப்பது நாளைக்குள்ள ஆட்சேபணை வரணும்."

"தடை இருக்கும்போது ஆட்சேபணை எதுக்கு?"

"ஜனங்க ஆசையா வருவாங்கம்மா."

"ஒண்ணுகூட வரலேன்னா?"

"தடை தப்புன்னு எழுதி மேல அனுப்பிருவேன். முப்பது நாளும் இன்னிக்குத்தான். அஞ்சு மணியோட முடியுது."

எங்கள் பெயர்களைப் பலகையில் ஒட்டினார். வாசலில் வேன் வந்து நின்றது. நாற்பத்து நான்கு பேர் இறங்கினார்கள். எல்லார் கையிலும் பிரியாணிப் பொட்டலம் இருந்தது.

வரிசையில் முதலில் நின்றவர் கட்சித்துண்டு போட்டிருந்தார். சுவரோரம் ஒரு மேசை கிடந்தது. அதைக் காட்டி, "தாயி, நீ படிச்ச புள்ளதான? ஒரு மனு எழுதிக் குடு" என்றார்.

எட்டாம் வகுப்பிலிருந்து எங்கள் தெருவுக்கு மனு எழுதுகிறவள் நான். ரேஷன் கார்டு, பட்டா, விதவைப் பென்ஷன். எழுதிக் குடு என்று யாராவது சொன்னால் என் கை தானாகப் பேனாவைத் திறக்கும். திறந்துவிட்டது.

"என்ன காரணம் போடட்டும்?"

"நீயே நல்லதாப் பாத்துப் போட்டுரு."

பண்பாடு சீர்கெடும் என்று எழுதினேன். அவருக்குப் பிடித்திருந்தது.

"யாரு கல்யாணம்னு தெரியுமா?" என்றேன்.

"எவளோ ரெண்டு பொட்டப்புள்ளைகளாம்."

"அதுல ஒருத்தி நான்."

"அப்படியா தாயி. சாப்டியா?" பொட்டலத்தை நீட்டினார். "எம்பேருல சின்ன 'ர' போடு. போன தடவை எவனோ பெரிய 'ற' போட்டுட்டான்."

வரிசை நீண்டது. அதற்கு ஏற்ப அறையும் நீண்டது. எழுத்தர் தூரத்தில் ஒரு புள்ளியாகிவிட்டார். பியூன் சைக்கிளில் வந்து மனுக்களை வாங்கிப் போனார். ஒருவர் வேறு யாருடைய கல்யாணத்தையோ தடுக்க வந்தவர். அங்கே கூட்டம் அதிகமாம். அவருக்கும் எழுதினேன்.

ஜன்னல் வழியே ரோடு தெரிந்தது. ஜான்சியோடு பத்துப் பேர் பதாகை பிடித்து நின்றார்கள். கோஷத்துக்குப் போலீஸ் அனுமதி உண்டு, சத்தத்துக்கு இல்லை. பதினோரு வாய்கள் திறந்து மூடின. என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோஷத்தை எழுதியதும் நான்தான்.

நாற்பத்து நான்காவதாக அம்மா நின்றாள். நான் பட்டம் வாங்கிய அன்று கட்டிய சேலையைக் கட்டியிருந்தாள்.

"நீ எதுக்கும்மா வந்த?"

"வேன்ல ஒரு எடம் இருந்துச்சு."

"உனக்கு என்ன ஆட்சேபணை?"

அம்மா யோசித்தாள். "ஜான்சி நல்ல புள்ளதான். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப அவதான கஞ்சி வச்சுக் குடுத்தா."

"அப்புறம்?"

"ஊரு என்ன சொல்லும்?"

"என்ன சொல்லும்?"

அம்மா திரும்பி வரிசையைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். "எனக்கென்னத்தா தெரியும்? ஊரு சொல்றத நீதான எழுதிக்கிட்டு இருக்க."

நான் பேனாவை மூடினேன். அது மூடும் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எழுத்தர் வரை நடந்து போனேன். இருபது நிமிடம் ஆனது.

"நாப்பத்து மூணு ஆட்சேபணை" என்றார். "எல்லாம் ஒரே கையெழுத்து. அதனால ஒரே ஆளு ஆட்சேபிச்சதாத்தான் அர்த்தம்."

"யாரு?"

"நீங்கதாம்மா. அழகான எழுத்து."

"நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"தாராளமா. அதுக்கு ஒரு மனு எழுதுங்க. அதை நோட்டீஸ் போர்டுல ஒட்டி, யாருக்காவது ஆட்சேபணை இருக்கான்னு கேப்போம்."

எனக்குப் பின்னால் வரிசை சந்தோஷமாக நிமிர்ந்து நின்றது. கட்சித்துண்டுக்காரர் மறுபடியும் முதல் ஆளாக நின்றார்.

"எழுத மாட்டேன்" என்றேன்.

"எழுதலேன்னா எதுவும் நடக்காதேம்மா."

பலகையிலிருந்து எங்கள் நோட்டீஸைப் பிடுங்கினேன். திரும்பும்போது அந்த அறை நாலே எட்டு நீளம்தான் இருந்தது. மேசை மேல் நோட்டீஸை வைத்தேன், பேனாவை வைத்தேன். நானும் ஜான்சியும் கையெழுத்துப் போட இவ்வளவு போதும். சாட்சிக்கு ரோட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். மேசையைத் தூக்கினேன்.

"ஏ பேச்சி, எங்க போற? இன்னும் எம்பேர எழுதல" என்றாள் அம்மா.

"எழுத மாட்டேம்மா. வேணும்னா கூட வா."

அம்மா வரிசையில் தன் இடத்தைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். "மேச அதுல நுழையாதுடி."

"தெரியும்."

நிற்காமல் நடந்தேன்.