பண்ட்டிக்குப் பேடா

கட்டின புருஷன் வாய் நிறைய வாக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவான். நாயைக் கட்டி மேய்ப்பது மட்டும் பெண்டாட்டியின் தலையெழுத்து. காலை ஐந்தரை மணிக்கு, ஜோகுபாளையத்துத் தெருவில், ஒரு வெள்ளைப் பொமேரியனின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இழுபடும்போதெல்லாம் தாரணிக்கு இந்த ஆத்திரம்தான் வந்தது.

கீழ்வீட்டு வீணா ஆண்ட்டிதான் வீட்டுக்காரம்மா. மகளின் பிரசவத்துக்காக ஷிமோகா கிளம்பும்போது, பண்ட்டியை யாரிடம் விடுவது என்று அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ரகுராம் முந்திரிக்கொட்டையாக முன்னால் வந்தான்.

"எங்ககிட்ட விட்டுட்டுப் போங்க ஆண்ட்டி. இவ ராஜபாளையத்துக்காரி. நாய்ன்னா இவளுக்குத் தண்ணி பட்ட பாடு!"

ராஜபாளையத்தில் பிறந்தவர்களெல்லாம் நாய் வளர்த்தவர்களா? தாரணியின் வீட்டில் ஒரு பூனைகூட எட்டிப் பார்த்ததில்லை. இதை அவள் எடுத்துச் சொல்வதற்குள் கம்பெனி அவனை ஆறு மாதத்துக்கு அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டது. வேலியில் போன ஓணானைப் பிடித்து அவள் மடியில் கட்டிவிட்டுப் போய்விட்டான் மகராசன்.

வீணா ஆண்ட்டி கிளம்பிய அன்று வாசலில் டாக்ஸிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். ஆண்ட்டி பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக அவசரமாகச் சொன்னார். "ரொம்ப பயம் இதுக்கு. ஆட்டோ பார்த்தா கத்தும். சீப்பு பார்த்தா ஓடும். பேடா சொன்னா போதும், கேட்டுக்கும்."

தாரணி பொறுப்பாக டைரியில் எழுதிக்கொண்டாள்: "பயந்தால், குரைத்தால் – பேடா." அவள் ஊரில் நாய்க்குப் பொறை வாங்கிப் போடுவார்கள், பெங்களூர் நாய்க்குப் பேடா போலிருக்கிறது. இந்த ஊருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆபீஸில் இங்கிலீஷ், தெருவில் தமிழ். கன்னடத்தில் ஒரு வார்த்தைகூட அவளுக்குத் தேவைப்பட்டதில்லை.

அன்றைக்கே ஸ்வீட் கடையில் கால் கிலோ பேடா வாங்கினாள்.

குரைக்கிற நாய் கடிக்காது என்று சொன்னவன் பண்ட்டியைப் பார்த்திருக்க மாட்டான். இது இரண்டையும் செய்யும். ஆட்டோவைக் கண்டால் குரைக்கும், குடையைக் கண்டால் பாயும், கேஸ் சிலிண்டர் உருளும் சத்தம் கேட்டால் தாரணியின் கால்களைச் சங்கிலியால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நடுங்கும். அவள் உடனே "பேடா! பேடா!" என்று பையிலிருந்து எடுத்து நீட்டுவாள். ஆச்சரியம், கப்பென்று குரைப்பு நின்றுவிடும். ஆனால் பேடாவைத் தின்னாது. நாக்கைச் சுழற்றும், எச்சில் ஒழுகும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"தின்னேன், சனியனே! உனக்குன்னுதானே வாங்கிட்டு வந்தேன்?"

தின்னாது. கடைசியில் அதை அவளே வாயில் போட்டுக்கொள்வாள். மூன்று வாரத்தில் பண்ட்டி இளைத்தது, தாரணிக்குச் சுடிதார் இறுக்கியது.

தெருவிலாவது குரைப்பு நின்றது. வீட்டுக்குள் அதுவும் இல்லை. ஒரு கையில் சீப்பு, மறு கையில் பேடா, வாயில் "பேடா, பேடா" என்று அவள் ஓரடி வைத்தால், அது ஈரடி பின்வாங்கும். பிறகு கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். முடி சிக்குப் பிடித்துக் கட்டி கட்டியாகத் தொங்கியது. இடது காதுக்குப் பின்னால் ஒரு சிக்கு இறுகி, தோலையே இழுத்து, புண்ணாகி, நாற்றமும் எடுக்க ஆரம்பித்துவிட்டது.

எப்படியோ போர்வையில் சுருட்டி நாய் டாக்டரிடம் கொண்டுபோனாள். பண்ட்டி அங்கே கம்பவுண்டரின் கட்டை விரலைப் பதம் பார்த்தது. டாக்டர் தூரத்தில் நின்றே சொன்னார். "அந்த முடியை வெட்டி மருந்து போட்டே ஆகணும்மா. விட்டா புழு வச்சிடும். நான் செய்யணும்னா மயக்க ஊசி போடணும். பத்து வயசு ஆகுது, இதயமும் சரியில்ல. திரும்ப எழுந்திருக்கும்னு என்னால சொல்ல முடியாது. மருந்து தரேன், சனிக்கிழமை வரைக்கும் வீட்டுல முயற்சி பண்ணிப் பாருங்க."

அன்று இரவு ரகுராம் போனில், "நல்லா வாக்கிங் கூட்டிட்டுப் போய்க் களைப்பாக்கு, தாரணி. தானா அடங்கிடும்" என்றான்.

"களைச்சது நான்தாங்க! இது ஒரு பேச்சும் கேக்காத ஜென்மம். நீங்க வந்து மேய்ங்க!" என்று போனை வைத்தாள். வைத்த பிறகு அழுதாள். நாய் செத்துவிட்டால் வீணா ஆண்ட்டியின் முகத்தில் எப்படி விழிப்பது? பிரசவ வீட்டுக்குப் போன் போட்டு இதைச் சொல்லவும் மனம் வரவில்லை.

சனிக்கிழமை வந்தது. பதினோரு மணிக்கு டாக்டரிடம் போக வேண்டும். தாரணி கட்டிலுக்கு முன்னால் தரையில் படுத்து, கடைசித் தடவையாகப் பேடாவை நீட்டினாள். "பேடா பண்ட்டி... பேடாடா கண்ணு... பேடா!"

அது இன்னும் ஒடுங்கியது.

அப்போது வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பாஞ்சாலி. பத்து வருஷமாக வீணா ஆண்ட்டி வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். கால் சுளுக்கி மூன்று வாரம் படுத்திருந்துவிட்டு அன்றுதான் சாவி வாங்க மாடியேறி வந்திருந்தாள்.

"இன்னாம்மா நீ, கையில ஸ்வீட்ட வெச்சிக்கினு வேணாம் வேணாம்ன்றே? பாவம், அது எப்படித் துன்னும்?"

"நான் எங்கக்கா வேணாம்னேன்? பேடான்னுதானே சொல்றேன்!"

"ஐயே! கன்னடத்துல பேடன்னா வேணாம்னு அர்த்தம்மா. அந்தம்மா இத அப்படித்தான் அடக்கும். ஒரு வாட்டி பேடன்னு சொல்லிட்டா, கறித்துண்டு வெச்சாலும் தொடாது இது."

தாரணி திரும்பிப் பார்த்தாள். கட்டிலுக்கடியில் இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"வான்னு எப்படிக்கா சொல்றது?"

"பா. அவ்ளோதான். 'இரு'ன்றது மட்டும் ரெண்டு பாஷைலயும் ஒண்ணு."

தாரணி எழுந்து உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்தாள். "பா, பண்ட்டி. பா."

முதலில் மூக்கு வந்தது. பிறகு வயிற்றைத் தரையில் தேய்த்தபடி முழு நாயும் வந்தது. பேடாவை நக்கியது, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது, அவள் மறுபடி "பா" என்றதும் லபக்கென்று விழுங்கியது. இரண்டாவதைத் தின்றுகொண்டிருக்கும்போது தாரணி விரலால் காதோரம் தடவினாள். அதன் உடம்பு முழுக்க நடுங்கியது. "இரு... இரு" என்றாள். இருந்தது. கத்தரி நான்கு முறை கடித்து, ஐந்தாவதில் சிக்கு மொத்தமாகக் கையோடு வந்தது. அடியில் சிவந்த புண். பாஞ்சாலி எடுத்துக் கொடுத்த மருந்தைத் தடவும்போது ஒரே ஒரு முறை முனகியது. பல்லைக் காட்டவில்லை.

மணி பத்தரை. இனி ஊசி தேவையில்லை. ஆனால் தாரணிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அதான் காரியம் முடிஞ்சுதே, இன்னாத்துக்கும்மா அழுவுறே?" என்றாள் பாஞ்சாலி.

"எவ்வளவு திட்டியிருப்பேன் தெரியுமா? ஒரு நாள்கூட இது என் பேச்சை மீறலக்கா" என்றாள் தாரணி.