யாரும் பேசாத ஒரு நிமிடம்

அது மழைக்காலமா, வெயில்காலமா என்பதில் எனக்குக் குழப்பம் உண்டு. கருவியைக் காட்டிய அரங்கின் திரைச்சீலை பச்சை என்று நினைவு. நீலம் என்று அடித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் யாரும் வாயைத் திறக்காதபோது அந்தக் கருவி ஒரு பெண்ணின் பேச்சை எழுதியது என்பதில் இரண்டு கருத்து இல்லை.

பேச்சை எழுத்தாக்கும் கருவிகளை விற்கும் நிறுவனத்தில் அவள் கணவன் விற்பனை மேலாளர். அவள் அங்கேயே மாதிரிக் குரல்; வாங்க வருகிறவர்கள் முன் ஒரு பத்தியை வாசிப்பாள், கருவி பிழையில்லாமல் எழுதும். வீட்டில் அவனிடம் பேசுவதில்லை. சண்டை எதுவும் கிடையாது. அவள் தொடங்கும் வாக்கியத்தை அவன் முடித்துவிடுவான், பெரும்பாலும் தப்பாக. "நாளைக்கு நாம..." என்றால் "உங்கம்மா வீட்டுக்கா? எனக்கு வேலை இருக்கு" என்பான். கல்யாணமான புதிதில் திருத்திப் பார்த்தாள். பிறகு தொடங்குவதையே விட்டுவிட்டாள். பாதிப் பேச்சிலேயே மீதியை ஊகிக்கும் வசதியைக் கருவியில் சேர்க்கச் சொன்னவன் அவன்தான். அதற்கு அவனுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாசிப்பு முடிந்ததும் எல்லோரையும் ஒரு நிமிடம் சும்மா இருக்கச் சொல்வார்கள். கருவி இல்லாததை இட்டுக்கட்டாது என்பதற்கு வெற்றுத் திரையே சாட்சி. ஒரு காப்பீட்டு நிறுவனத் தலைவர் வந்திருந்தார். அவரும் வாங்காவிட்டால் அலுவலகத்துக்குப் பூட்டுதான். "ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க" என்றான் அவள் கணவன். திரையில் எழுத்து ஓடியது: 'நாளைக்கு நாம எங்கேயும் போகாம சும்மா உட்கார்ந்திருக்கலாமான்னு கேக்க வந்தேன்.' அதன் கீழே இன்னொன்று, பிறகு இன்னொன்று, அவன் வெட்டிய இடங்களிலிருந்தெல்லாம். அவள் உதடுகள் ஒட்டியே இருந்தன.

"சின்னக் கோளாறு சார்" என்று அவன் ஒயரைப் பிடுங்கப் போனான்.

"கையை எடுய்யா. என் ஆளுங்க வாயைத் திறந்தா பொய்தான். பேசாம இருக்கும்போது என்ன சொல்றாங்கன்னுதான் எனக்குத் தெரியணும். எல்லாக் கிளைக்கும் அனுப்பு" என்றார் தலைவர்.

அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு பேச்சை மட்டும் கேட்கும் கருவிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. வங்கிகள் வாடிக்கையாளர் முன்னால் புதியதை வைத்தன, மாமியார்கள் மருமகள் முன்னால், மருமகள்கள் மாமியார் முன்னால். மௌனம் ஆபத்து என்று புரிந்த ஜனங்கள் ஓயாமல் பேசத் தொடங்கினார்கள். பல் மருத்துவரிடம் வாயைப் பிளந்தபடியே பேசினார்கள், சாவு வீட்டில் பேருந்து நேரம் பேசினார்கள். நிறுவனம் தொண்டை மாத்திரையும் விற்றது; கருவியைவிட அதில்தான் லாபம்.

பதவி உயர்ந்த அன்று அவன் மனைவியிடம் கேட்டான்: "இதையெல்லாம் அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல..." என்று தொடங்கி அவள் காத்திருந்தாள்.

"மறந்துட்டியா?" என்றான்.

மறுநாள் அவள் வேலையையும் வீட்டையும் விட்டு அக்காள் ஊருக்குப் போனாள். அக்காள் எதையும் மெதுவாகத்தான் புரிந்துகொள்வாள். அங்கே அவள் முழு வாக்கியங்களாகப் பேசுகிறாள். காப்பீட்டு நிறுவனத் தலைவரின் முன்னால் கருவியை வைத்துப் பார்த்தபோது திரை வெள்ளையாகவே இருந்தது. கருவியில் பழுதில்லை, அவர் இப்போது இரண்டு நிறுவனங்களுக்குத் தலைவர். மேலாளர் வீட்டுக் கருவி, அவள் போன பிறகும், அவள் சொல்லாமல் விட்டதை எழுதிக்கொண்டே இருக்கிறது. மாலையில் அவன் எதிரே அமர்ந்து படிக்கிறான். தொடக்கத்தில் அடுத்த சொல்லை ஊகித்துப் பார்த்தான். ஒன்றும் பொருந்தாததால் இப்போது வாயை மூடிக்கொண்டு படிக்கிறான். மின்கட்டணத்தை நிறுவனமே கட்டிவிடுகிறது.